கல்லுக்கால் தாவாரம் போடுவது எப்படி

எங்கள் வீடு மேற்குப் பார்த்த கான்கிரீட் பெட்டி. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணத்திலிருந்து நாலு கிலோமீட்டர், சுற்றிலும் மாந்தோப்பு. அப்படி இருந்தும் சித்திரை மாதம் ராத்திரி பத்து மணிக்கு முன்சுவரில் கை வைத்தால் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி இருக்கும். மொட்டை மாடிக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தோம், ஜன்னலுக்குத் திரை தைத்தேன் (நான் தையல்காரி, அது ஒன்றுதான் செலவில்லாமல் நடந்தது), ஏர்கூலர் வாங்கினோம். அப்பா மட்டும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "சுவத்துல வெயில் பட்டதுக்கு அப்புறம் என்ன பண்ணியும் பிரயோஜனம் இல்ல பாப்பா. படாம பாத்துக்கணும்."

அப்பா நாற்பது வருடம் கல் உடைத்தவர். அவர் சொன்னதைச் செய்ய எனக்கு ஆறு வருடம் ஆனது. வீட்டின் மேற்குப் பக்கம் 24 அடி நீளம், 6 அடி அகலத்தில் ஒரு தாவாரம் இறக்கினோம். ஐந்து கல்லுக்கால் (கருங்கல் தூண்), மேலே சீமை ஓடு, சுவரோரம் திண்ணை. எங்கள் பக்கம் தாழ்வாரத்தைத் தாவாரம் என்றுதான் சொல்வோம். கடைக்கு வருகிறவர்கள் போனில் படம் எடுத்துப் போகிறார்கள். படத்தை வைத்து யாரும் கட்ட முடியாது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு நாள் ஒதுக்கி சூளகிரிப் பக்கம் மல்லச்சந்திரம் போய் வாருங்கள். அங்கே பாறைக் குன்றின் மேல் கல்திட்டைகள் இருக்கின்றன, இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். பலகைக் கல்லை நாலு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாக வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பும் இல்லை, சிமென்டும் இல்லை. அப்பா அதைப் பார்த்துச் சொன்னதுதான் எனக்குக் கட்டடப் பாடம்: "நிக்க வெச்சா கல்லு ஊரையே தாங்கும். படுக்க வெச்சா பயம்." கருங்கல் அழுத்தத்தைத் தாங்குகிற அளவுக்கு வளைவைத் தாங்காது. கோயில் மண்டபங்களில் தூண்களை அவ்வளவு நெருக்கி நட்டிருப்பதும் இதனால்தான். மேலே கிடக்கிற உத்தரக்கல்லின் நீளம் கூடினால் நடுவில் விண்டுவிடும்.

அப்படியே ஓசூரையும் ஒரு எட்டுப் பார்க்கலாம். பிரெட் என்ற வெள்ளைக்கார கலெக்டர், இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையை மாதிரியாக வைத்து 19-ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு மாளிகை எழுப்பினார். இன்று இடிபாடுதான் மிச்சம். பக்கத்திலேயே தொரப்பள்ளியில் ராஜாஜி 1878-இல் பிறந்த வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் வீடு என்று அரண்மனையை நினைத்துப் போகாதீர்கள், எளிய வீடு. எனக்கு அதுதான் பிடித்தது.

சரி, வேலைக்கு வருவோம்.

துணியை வெட்டுவதற்கு முன் உடம்பில் வைத்துப் பார்ப்போம் இல்லையா, அதே மாதிரி வீட்டுக்கும் ஒரு ட்ரையல் பார்க்க வேண்டும். இரண்டு மூங்கிலை நட்டு, ஒரு பழைய புடவையைச் சுவர் மேட்டிலிருந்து சரிவாக இழுத்துக் கட்டுங்கள். எங்கள் அளவில் புடவையின் வெளி ஓரம் சுவரிலிருந்து ஏழரை அடி தள்ளி, தரையிலிருந்து 6 அடி உயரத்தில் இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் சுவரில் வெயில் எங்கே நிற்கிறது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். சித்திரையில் நாலு மணி வெயில் எங்கள் சுவரில் முழங்காலுக்குக் கீழேதான் பட்டது. ஐந்து மணிக்கு இடுப்புக்கு ஏறியது, ஆனால் அப்போது வெயிலில் காரமில்லை. இதே புடவையை 8 அடி உயரத்துக்குத் தூக்கிக் கட்டினால் நாலு மணிக்கே கிட்டத்தட்ட இடுப்பு வரை வெயில் வந்துவிடும். பழைய வீடுகளில் எரவானத்தை (கூரையின் வெளி ஓரத்தை) அவ்வளவு தாழ்வாக விட்டதற்குக் காரணம் கஞ்சத்தனம் இல்லை, இதுதான்.

இது தெரிந்தும் நான் ஒரு தப்பு செய்தேன். மேஸ்திரி, "அக்கா, ஆறடியில எரவானம் விட்டா வர்றவங்க எல்லாம் தலையில இடிச்சுக்குவாங்க, எட்டடிக்கு மேல ஏத்திடலாம்" என்றார். என் அக்கா மகன் ஆறடி உயரம், அவன் முகம் மனசில் வந்து தலையாட்டிவிட்டேன். சுவர்ப் பக்கத்தை உயர்த்த முடியாது, ஏனென்றால் 9 அடி 9 அங்குலத்துக்கு மேல் போனால் மாடியின் கான்கிரீட் வந்துவிடும். வெளிப்பக்கம் மட்டும் உயர்ந்ததால் 6 அடி அகலத்துக்கு ஒன்றரை அடிதான் சரிவு கிடைத்தது. ஐப்பசியில் காற்றோடு மழை அடித்தபோது, ஓட்டின் மேல் ஓடவேண்டிய தண்ணீர் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் புகுந்து உள்ளே கொட்டியது. திண்ணையில் காயப்போட்டிருந்த கேழ்வரகு முளைவிட்டது.

அதனால் கணக்கு இதுதான்: சீமை ஓட்டுக்கு இரண்டடி அகலத்துக்கு ஓரடி இறக்கம் வேண்டும், அதற்குக் குறையக் கூடாது. 6 அடி தாவாரத்துக்கு 3 அடி. சுவரில் 9 அடி 9 அங்குலத்தில் ஆரம்பித்தால் கல்லுக்கால் மேல் 6 அடி 9 அங்குலம், அதைத் தாண்டி ஒன்றரை அடி நீட்டி விட்டால் எரவானம் சரியாக 6 அடி. எட்டு அடி அகலத் தாவாரம் வேண்டும் என்று ஆசைப்பட்டால் நாலு அடி இறங்கும், குனிந்துதான் வர வேண்டும். சாதாரணக் கான்கிரீட் வீட்டுக்கு ஆறு அடி அகலமே பொருத்தம்.

ஏற்கெனவே நட்டிருந்த ஐந்து கல்லையும் பிடுங்க முடியவில்லை. கூரையைக் கழற்றி, கட்டர் மெஷினால் நாலு பக்கமும் கோடு இழுத்து, அப்பா சாரத்தில் உட்கார்ந்து உளியால் தட்டித் தட்டி ஒவ்வொன்றிலும் ஒன்றரை அடியை நறுக்கி எடுத்தார். எழுபத்திரண்டு வயதில். ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் அதிகமாக வலித்தது. அந்த ஐந்து துண்டுகளும் இப்போது மாமரத்தடியில் உட்காரும் கல்லாகக் கிடக்கின்றன.

நான் வாங்கியது 12 அடிக் கல். நீங்கள் 10 அடி வாங்கினால் போதும்: தாவாரத் தரைக்கு மேல் ஆறரை அடி, தரையை மேடாக்கப் போடும் மண்ணுக்குள் ஓரடி, அசல் மண்ணுக்குள் இரண்டரை அடி. கனம் 7 அங்குலச் சதுரம். வேலிக்கு நடுகிற மெல்லிய கல்லுக்காலை இதற்கு வாங்காதீர்கள், கண்ணுக்கே பஞ்சத்தில் அடிபட்டது மாதிரி இருக்கும்.

கல் வாங்குவதற்கு என்று ஒரு பார்வை உண்டு. கல்லை உடைக்கும்போது பாறையில் வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் இரும்பு ஆப்பைச் செருகி, சம்மட்டியால் வரிசைப்படி அடித்துக்கொண்டே போவார்கள். ஒரே ஆப்பில் ஓங்கி அடித்தால் கல் கோணலாகப் பிளக்கும். அடிக்க அடிக்கச் சத்தம் மாறும், அப்புறம் ஒரு கட்டத்தில் பாறை தானே வாய் திறக்கும். இப்படிப் பிளந்த கல்லின் ஓரத்தில் பாதித் துளைகள் பல்வரிசை மாதிரி தெரியும். அதைத் தேய்த்து அழிக்கச் சொல்லாதீர்கள். பாலிஷ் போட்ட தூண் வங்கி வாசலுக்குச் சரி.

ஒவ்வொரு கல்லையும் இரண்டு கட்டையின் மேல் கிடத்தி, சின்னச் சுத்தியலால் நீளவாக்கில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல கல் கணீரென்று மணி மாதிரிக் கேட்கும். உள்ளே விரிசல் இருந்தால் அந்த இடத்தில் சத்தம் மொத்தென்று செத்துப்போகும். ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால் மயிரிழை விரிசலும் தெரியும், ஏனென்றால் மற்ற இடம் காய்ந்த பிறகும் விரிசல் மட்டும் ஈரக்கோடாக நிற்கும். விற்கிறவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கல் வரும் வண்டிக்கு நடைச்சீட்டு (கல் ஏற்றிவர அரசு தரும் அனுமதிச் சீட்டு) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கருங்கல் ஒரு கன அடி ஏறக்குறைய 75 கிலோ. 10 அடிக் கல் ஒன்று கால் டன்னுக்குக் கொஞ்சம் கூடவே வரும். நாலு பேர் தூக்கி நடலாம் என்று யாராவது வீரம் பேசினால் கேட்காதீர்கள். ஜேசிபி அல்லது முக்காலியும் செயின் பிளாக்கும் வேண்டும். குழியின் அடியில் ஒரு தட்டைக் கல்லைப் படுக்க வைத்து, அதன் மேல் காலை இறக்கி, இரண்டு பக்கமும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, சுற்றிலும் கல்லும் ஜல்லிக் கலவையும் போட்டு இடிக்க வேண்டும். எங்கள் மண் செம்மண் சரளை, அதனால் இரண்டரை அடி ஆழம் போதுமாயிற்று. கரிசல் என்றால் இந்த அளவு செல்லாது, உள்ளூர் இன்ஜினியரைக் கேட்டுவிடுங்கள். ஐந்து கல்லின் தலையும் ஒரே மட்டமா என்று டியூப் லெவலில் தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகு கலவை போடுங்கள். அப்புறம் ஒரு வாரம் யாரும் சாயக் கூடாது, ஆட்டைக் கட்டக் கூடாது.

கல்லுக்கும் கல்லுக்கும் 6 அடி விட்டோம். கல்லின் தலையில் துளை போட்டு 12 மி.மீ. கம்பியைச் சிமென்ட் பாலில் நிறுத்தி, அதில் விட்டத்தைச் செருகி, மேலே நட்டு போட்டு முடுக்கினோம். விட்டம் பழைய மரக்கடையில் எடுத்த வேம்பு, அதன் மேல் சரிவாகப் போகிற கைமரம் பனங்கை (பனைமரச் சட்டம்). வயிரம் ஏறிய பனை என்றால் கருப்பாக இருக்கும், நகத்தால் கீறினால் இறங்காது. பனங்கை கிடைக்காதவர்கள் இரும்புச் சதுரக் குழாய் போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை, அழகுதான் கொஞ்சம் குறையும்.

சுவர்ப் பக்கத்துச் சட்டத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். செங்கல் சுவரில் வெறும் பிளாஸ்டிக் பிளக்கும் திருகாணியும் போட்டுக் கூரையைத் தொங்கவிடக் கூடாது. சுவரை முழுக்கத் துளைத்து, உள்பக்கம் கையகல இரும்புத் தகடு வைத்து போல்ட் போட வேண்டும். எங்கள் வீட்டு ஹாலில் ஏழு தகடுகள் தெரிகின்றன. மகள் அதன் மேல் காலண்டர் மாட்டிவிட்டாள். அதோடு, சுவரும் ஓடும் சேருகிற இடத்துக்குச் சற்று மேலே பூச்சில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, அலுமினியத் தகட்டைச் செருகி ஓட்டின் மேல் மடித்து விடுங்கள். வெறும் சிமென்ட் பூசினால் ஒரே கோடையில் வெடித்துவிடும்.

ஓடு பற்றிச் சுருக்கமாக. மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865-இல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவியதால் மங்களூர் ஓடு என்ற பெயர், நமக்குச் சீமை ஓடு. இடித்த வீட்டு ஓடு வாங்கினால் போதும், ஆனால் ஒரே முத்திரை உள்ளதாகப் பொறுக்குங்கள், முத்திரை மாறினால் பள்ளமும் மேடும் ஒன்றோடொன்று பொருந்தாது. ரீப்பர் (ஓடு உட்காரும் மெல்லிய சட்டம்) இடைவெளியை டேப்பில் அளந்து அடிக்கச் சொல்லாதீர்கள், நீங்கள் வாங்கிய ஓட்டையே வைத்துப் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள். சதுர அடிக்கு ஒன்றரை ஓடு என்று வாங்கினால் உடைசலுக்கும் சேர்த்துச் சரியாக இருக்கும். எரவானத்து வரிசை ஓடுகளைக் கம்பியால் ரீப்பரோடு கட்டிவிடுங்கள், ஆடிக் காற்று அங்கேதான் கை வைக்கும்.

திண்ணை ஒன்றரை அடி உயரம், இரண்டடி அகலம். மேலே 4 அங்குலக் கனத்தில் பாவுகல். ஆறடிக் கல் ஒன்றை இரண்டு முனையில் மட்டும் செங்கல் கொடுத்துப் போட்டோம், மேலே நெல் மூட்டையை இறக்கியதும் நடுவில் விண்டுபோனது. மல்லச்சந்திரத்துப் பாடத்தை நான் மறந்ததற்குக் கூலி. இப்போது மூன்றடிக்கு ஒரு தாங்கல் இருக்கிறது. தரையை வெளிப்பக்கம் பார்த்துக் கொஞ்சம் வாட்டமாகப் போடுங்கள், சாரல் தண்ணீர் தானே ஓடிவிடும்.

அக்கா மகன் பொங்கலுக்கு வந்தான், இரண்டு முறை நெற்றியில் இடித்துக்கொண்டான், மூன்றாவது முறை குனிந்து வந்தான். அம்மா மத்தியானத் தூக்கத்தைத் திண்ணைக்கு மாற்றிவிட்டார். ஏர்கூலர் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

குரங்குக்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை. மாங்காய்ப் பருவத்தில் கூட்டமாக வந்து ஓட்டின் மேல் குதிக்கும், வருடத்துக்கு ஏழெட்டு ஓடு போகும். முப்பது ஓட்டைக் கூடுதலாக வாங்கி வீட்டுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறோம். ஆனி கடைசியில் அப்பா ஏணியைச் சாத்துவார், நான் கீழேயிருந்து ஓடு எடுத்துக் கொடுப்பேன்.