பஸீன்: லிபியாவின் பார்லிக் களி செய்வது எப்படி

லிபியச் சாப்பாடு என்றதும் பலருக்கும் கூஸ்கூஸ்தான் நினைவுக்கு வரும். ஆனால் திரிப்பொலி, மிஸ்ராத்தா பக்கம் போகிறவர்கள் தவறவிடக் கூடாதது பஸீன். அங்கே யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் யோசிக்காமல் போங்கள். போக வாய்ப்பில்லாதவர்களுக்கு, 4 பேருக்கான அளவு இதோ.

முதலில் குழம்பை ஏற்றிவிடுங்கள். வெங்காயம், எலும்போடு முக்கால் கிலோ ஆட்டுக்கறி, தக்காளி விழுது, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், கொஞ்சம் வெந்தயம். வெந்தயத்தை விட்டுவிடாதீர்கள், அந்த லேசான கசப்பில்தான் குழம்பே நிற்கிறது. கறி முக்கால் பதம் வெந்ததும் உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டிப் போடுங்கள். தனியாக முட்டை அவித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மாவு. 3 கப் பார்லி மாவு, 1 கப் கோதுமை மாவு, உப்பு. கெட்டியாகப் பிசைந்து உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, நடுவில் ஓட்டை போடுங்கள். ஓட்டை இல்லையென்றால் வெளியே குழைந்து உள்ளே பச்சை மாவாக நிற்கும். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் 45 நிமிடம் வேகட்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்!

எல்லாரும் திணறுகிற இடம் இனிமேல்தான். வெந்த மாவை ஆற விடாமல், ஆவி பறக்கும்போதே கனமான பாத்திரத்தில் போட்டு மரத்துடுப்பால் அடித்துப் பிசைய வேண்டும். ஆறினால் கட்டி கட்டியாகிவிடும், பிறகு எவ்வளவு அடித்தாலும் கரையாது. இறுகினால் வேகவைத்த தண்ணீரை ஒரு கரண்டி மட்டும் விடுங்கள். பாத்திரத்தைத் தரையில் வைத்து, இரண்டு கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டால் பலம் கிடைக்கும். துடுப்பு ஓரத்தில் உரசும்போது மாவு பளபளவென்று சுருண்டு வந்தால் பதம் சரி. மிக்ஸியில் போடாதீர்கள், பசையாகிவிடும்.

கையில் எண்ணெய் தொட்டு மாவைக் குவிமாடமாக உருட்டி அகலத் தட்டின் நடுவில் வையுங்கள். சுற்றிலும் குழம்பு, மேலே கிழங்கு, முட்டை, கறி. எலுமிச்சைத் துண்டும் பச்சை மிளகாயும் பக்கத்தில்.

எல்லாரும் ஒரே தட்டில், வலது கையால், தன் பக்கத்து மாவை மட்டும் கிள்ளிக் குழம்பில் பிசைந்து சாப்பிடுவார்கள். எதிர்ப்பக்கம் கை நீட்டுவது மரியாதையில்லை.

பிற்சேர்க்கை: மாவு உதிர்ந்துபோகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பார்லி ரவை வாங்கியிருப்பீர்கள். நைஸாக அரைத்து, சலித்துப் பயன்படுத்துங்கள். அப்போதும் உதிர்ந்தால் கோதுமை மாவை அரைக் கப் கூட்டுங்கள்.