‘டவுட்’ என்ற சொல்லைப் பிழையின்றிக் கையாள்வது எப்படி?

பள்ளியிலும் டியூஷனிலும் ‘டவுட் கேட்கிறேன்’ என்று சொல்லியே வளர்ந்த நமக்கு இது ஏறத்தாழத் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. தமிழில் ‘சந்தேகம்’ என்ற ஒரே சொல் புரியாததைக் கேட்பதற்கும், நம்ப மறுப்பதற்கும், ஒருவர்தான் செய்திருப்பார் என்று ஊகிப்பதற்கும் பயன்படுகிறது. ஆங்கிலமோ இவற்றுக்கு முறையே ‘கொஸ்டின்’, ‘டவுட்’, ‘சஸ்பெக்ட்’ என்று தனித்தனிச் சொற்களை வைத்திருக்கிறது.

இவற்றுள் மிகுந்த கவனம் வேண்டுவது கடைசி இரண்டுக்கும் இடையில்தான். நான் வேலை பார்த்த ஒரு கிடங்கில் சாவி காணாமல் போனபோது, ஸ்டோர் கீப்பர் வெளிநாட்டு மேலாளருக்கு ‘ஐ டவுட் தட் த டிரைவர் டுக் த கீ’ என்று எழுதினார். டிரைவர்தான் எடுத்திருப்பார் என்பது அவர் மனத்தில் இருந்தது. ஆனால் அவ்வாக்கியத்தின் பொருள், டிரைவர் எடுத்திருக்க மாட்டார் என்பதே. மேலாளர் அப்படியே படித்துவிட்டு டிரைவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. எழுதியிருக்க வேண்டியது ‘ஐ சஸ்பெக்ட்’.

எழுதும் முன் உங்கள் கருத்தைத் தமிழில் முடித்துப் பாருங்கள். ‘இருக்காது என்று நினைக்கிறேன்’ என்று முடிந்தால் ‘டவுட்’ பொருந்தும். ‘இருக்கும் என்று நினைக்கிறேன்’ என்று முடிந்தால் ‘சஸ்பெக்ட்’ பொருந்தும். மழை வருமா என்று ஒருவர் கேட்கும்போது ‘ஐ டவுட் இட்’ என்றால், வராது என்றே தோன்றுகிறது என்று பொருள்.

வகுப்பில் ‘ஐ ஹாவ் எ டவுட்’ என்பது இந்தியாவில் எல்லோருக்கும் புரியும். அதைப் பிழையென்று ஒதுக்க நான் விரும்பவில்லை. ஆயினும் இங்கிலாந்து, அமெரிக்க ஆசிரியர்களின் காதில், அவர்கள் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்பதுபோல் ஒலிக்கக்கூடும் என்பதால், அங்கே ‘ஐ ஹாவ் எ கொஸ்டின்’ என்பதே நல்லது.

‘நோ டவுட்’ என்ற தொடர், சொல்லளவில் ‘சந்தேகமே இல்லை’ என்றிருந்தாலும், பேச்சில் பெரும்பாலும் ‘அப்படித்தான் இருக்கும்’ என்ற அளவுக்கே உறுதி தரும். முழு உறுதிக்கு ‘வித்அவுட் டவுட்’ என்க. குற்றவியல் தீர்ப்புகளில் ‘சந்தேகத்தின் பலன்’ என்று நாம் படிப்பது ‘பெனிஃபிட் ஆஃப் த டவுட்’ என்பதன் தமிழாக்கம். அவுட்டா இல்லையா என்று உறுதியாகத் தெரியாதபோது கிரிக்கெட் நடுவர் பேட்ஸ்மேனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளிப்பதும் இதே பெயரில்தான்.

எழுதும்போது நடுவில் வரும் ‘பி’ என்ற எழுத்தை விட்டுவிடக் கூடாது, உச்சரிக்கவும் கூடாது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்த எழுத்து இச்சொல்லில் இல்லை. ‘துபிதாரே’ என்ற இலத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் பிற்காலத்தில் அதை எழுத்தில் சேர்த்தார்கள். மக்களின் நாவு மட்டும் பழைய ஒலியை விடவே இல்லை.