ஈ.ஆர்.சி.பி. பலிக்காதபோது: இரைப்பை வழியே பித்தநாள ஸ்டென்ட்

பித்தநாளம் அடைபட்டால், வாய்வழியே ஸ்கோப்பை முன்சிறுகுடல்வரை செலுத்தி, அங்குள்ள பித்தத் துவாரம் வழியே ஸ்டென்ட் (நாளத்தைத் திறந்துவைக்கும் சிறு குழாய்) வைப்பது ஈ.ஆர்.சி.பி. கட்டி முன்சிறுகுடலை அடைத்திருந்தாலோ, பழைய அறுவைசிகிச்சையால் பித்தத் துவாரத்தை எட்ட முடியாவிட்டாலோ எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் (முனையில் அல்ட்ராசவுண்ட் கருவி பொருத்திய ஸ்கோப்) வழி கைகொடுக்கும். அடைப்பு கீழ்ப்பகுதியில், பொதுப் பித்தநாளம் 15 மி.மீ. அளவுக்கு விரிந்து, முன்சிறுகுடலும் திறந்திருந்தால் அங்கிருந்தே லேம்ஸ் ஸ்டென்ட் (இரு சுவர்களையும் சேர்த்துப் பிடிக்கும் அகன்ற முனைகள் கொண்ட குட்டை உலோக ஸ்டென்ட்) வைக்கலாம். வேலை சீக்கிரம் முடியும். முன்சிறுகுடலே அடைபட்டிருந்தால் இரைப்பையிலிருந்து கல்லீரலின் இடப்பக்க நாளத்துக்குப் பாதை போட வேண்டும்.

ரத்தம் உறையும் திறனைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.5-க்குள், தட்டணு 50,000-க்கு மேல் இருக்கட்டும். ஆன்டிபயாட்டிக்கை முன்பே கொடுங்கள். காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு. வெளியே கசிந்தாலும் உடல் விரைவில் உறிஞ்சிக்கொள்ளும். இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் நடுவே நீர் கோத்திருந்தால் இந்த வழி வேண்டாம்.

குத்துவதற்குக் கல்லீரலின் 3-ஆம் பிரிவின் நாளம் ஏற்றது, 5 மி.மீ. அகலமாவது இருந்தால் நல்லது. 2-ஆம் பிரிவில் வழிகாட்டும் வயர் எளிதாகப் போகும், ஆனால் ஊசி உணவுக்குழாய் வழியே பாயும் ஆபத்து உண்டு. உணவுக்குழாய் முடியுமிடத்தில் முன்கூட்டியே ஒரு கிளிப் போட்டுவைத்தால் எக்ஸ்ரே திரையில் தெரிந்துவிடும்.

டாப்ளரில் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) ரத்தக்குழாய் குறுக்கிடவில்லை என்று பார்த்து 19 கேஜ் ஊசியால் குத்துங்கள். முதலில் பித்தத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கொஞ்சமாக கான்ட்ராஸ்ட் (எக்ஸ்ரேயில் தெரியும் திரவம்) செலுத்துங்கள். சீழ் பிடித்த நாளத்தில் அழுத்தம் ஏறினால் கிருமி ரத்தத்தில் கலக்கும். அடுத்து 0.025 அங்குல வயர், கல்லீரல் வாயிலை நோக்கி. அது ஓரத்துக்கு ஓடினால் வெடுக்கென்று பின்னிழுக்காதீர்கள். ஊசிமுனை வயரின் உறையைச் சீவிவிடும். ஊசியைக் கல்லீரல் திசுவுக்குள் சற்றுப் பின்வாங்கிக்கொண்டு வயரை இழுத்தால் சீவாது.

பாதையை 4 மி.மீ. பலூனால் விரித்த நொடியிலிருந்து பித்தம் கசியத் தொடங்கும். அதனால் ஸ்டென்ட் அதற்கு முன்பே கையில் தயாராக இருக்க வேண்டும்: பாதி உறையிட்ட உலோக ஸ்டென்ட், 8 அல்லது 10 மி.மீ. அகலம், 8 முதல் 10 செ.மீ. நீளம். உறையில்லாத முனை நாளத்துக்குள் இருந்தால்தான் கிளை நாளங்கள் அடைபடாது.

இரைப்பைப் பக்க முனையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஸ்கோப்பைச் சுவரோடு ஒட்டவைத்து, ஸ்டென்டை ஸ்கோப் குழலுக்குள்ளேயே விரியவிட்டு, பிறகு மெதுவாக வெளியே தள்ளுங்கள். இரைப்பைக்குள் 3 செ.மீ.யாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மூச்சு விடும்போது கல்லீரலும் இரைப்பையும் தனித்தனியே அசையும்; ஸ்டென்டும் விரிய விரியக் குறுகும். நீளம் போதாவிட்டால் முனை வயிற்றறைக்குள் நழுவி பித்தம் கொட்டும்.

பிறகு காய்ச்சலோ கடும் வயிற்றுவலியோ வந்தால் தாமதிக்காமல் சி.டி. எடுங்கள். ஸ்டென்ட் நழுவியிருந்தாலும் பாதை இறுகுவதற்குள் அதைப் பிடுங்கக் கூடாது. உள்ளே வயர் விட்டு இன்னொரு ஸ்டென்டைச் செருகுவதே வழி.