இரண்டாவது கேபிள் இருந்தும் ஒலி நின்றது: என் அனுபவம்

எங்கள் வானொலி ஸ்டுடியோவின் டிஜிட்டல் மிக்சரும் மைக் பெட்டியும் டான்டே (நெட்வொர்க் கேபிள் வழியே ஒலியை அனுப்பும் தொழில்நுட்பம்) நெட்வொர்க்கில் இணைந்தவை. ஒன்று போனாலும் மற்றது ஒலியைத் தொடர, பிரைமரி, செகண்டரி என இரண்டு கேபிள்கள், இரண்டு தனி நெட்வொர்க் சுவிட்சுகள். சோதனைக்காக மிக்சரின் பிரைமரி கேபிளைப் பிடுங்கினேன், ஒலி நின்றுவிட்டது. விளக்குகள் எல்லாம் பச்சை!

கேபிளை மாற்றினேன். சுவிட்சை மாற்றினேன். மின்சிக்கன அமைப்பை அணைத்தேன். மூன்று நாள் வீண்.

அப்புறம்தான் டான்டே கன்ட்ரோலர் மென்பொருளில் ஐபி முகவரிகளைப் பார்த்தேன். தானாக எடுக்கும் முகவரி பிரைமரிக்கு 169.254 என்றும் செகண்டரிக்கு 172.31 என்றும் தொடங்கும். மிக்சருக்கு இரண்டும் இருந்தன, பெட்டிக்கு 169.254 மட்டும்தான். பெட்டி 'ஸ்விட்ச்டு' முறையில் இருந்ததால் அதன் இரண்டாவது துளை வெறும் சுவிட்ச் துளை, அதாவது தனி செகண்டரி அல்ல, அதே பிரைமரி நெட்வொர்க்கின் நீட்சி. போதாக்குறைக்கு, தனியாக இருக்கவேண்டிய இரண்டு நெட்வொர்க்குகளையும் அதுவே ஒன்றாகக் கோத்திருந்தது.

இரண்டு துளைகளையும் தனித்தனி நெட்வொர்க்காக வைக்கும் 'ரிடன்டன்ட்' முறைக்கு மாற்றி, பெட்டியை மறுதொடக்கம் செய்தேன். 172.31 வந்தது. மறுபடி பிடுங்கினேன், ஒரு சொடுக்குச் சத்தம்கூட இல்லை. அப்பாடா!