ஆனுவல் ரிவியூவுக்குப் போகுமுன் எஃப் பகுதியைக் கையில் எடுங்கள்

என் மகனுக்கு ஆட்டிசம். லண்டனில் இயர் 5 படிக்கிறான். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு உள்ளூர் கவுன்சில் எழுதித் தரும் கல்வி, உடல்நல, பராமரிப்புத் திட்டம்தான் ஈ.எச்.சி. பிளான். அவனுடைய பிளானுக்கான ஆனுவல் ரிவியூ (வருடாந்தர மீளாய்வு) கூட்டங்களுக்கு நான்தான் போகிறேன். தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் கேட்டால் அவர்களோடும் துணைக்குப் போய் உட்காருவேன். டீச்சர் "நல்லா முன்னேறியிருக்கான்" என்பார். நம் ஆட்கள் தலையாட்டி, நன்றி சொல்லி, எழுந்து வந்துவிடுவார்கள். ஆசிரியர் சொன்னால் மறுத்துப் பேசக் கூடாது என்றுதான் நாம் வளர்ந்திருக்கிறோம். ஆனால் இது பேரன்ட்ஸ் ஈவினிங் இல்லை. பிள்ளைக்கு என்னென்ன உதவி கிடைக்க வேண்டும் என்று சொல்லும் சட்டபூர்வ ஆவணத்தைத் திருத்த வருடத்தில் கிடைக்கும் வாய்ப்பு இது. அந்த ஒரு மணி நேரத்தில் பேச வேண்டியது பிளானில் உள்ள எழுத்தைப் பற்றித்தான்.

இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி 12 மாதத்துக்குள் ஒரு முறையாவது பிளானை மீளாய்வு செய்தாக வேண்டும். பெரும்பாலும் பள்ளிதான் கூட்டத்தை நடத்தும், முடிவெடுப்பது கவுன்சில். பிள்ளையின் நிலைமை நடுவில் மாறிவிட்டால் 12 மாதம் காத்திருக்கத் தேவையில்லை, முன்கூட்டியே ஒரு ரிவியூ வேண்டும் என்று கவுன்சிலுக்கு எழுதிக் கேட்கலாம்.

கூட்டத் தேதியைக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பள்ளி, சிகிச்சையாளர்கள் தரும் அறிக்கைகளும் அதே இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் சென்கோவுக்கு (பள்ளியில் சிறப்புக் கல்வித் தேவைகளைக் கவனிக்கும் ஆசிரியர்) மின்னஞ்சல் போடுங்கள். போனில் கேட்டால் பதிவு எதுவும் இருக்காது. ஆங்கிலத்தில் வேகமாகப் பேசுவது சிரமமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அந்த மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். வீட்டில் ஆங்கிலம் தெரிந்த மூத்த பிள்ளையைக் கூட்டிப் போய் அந்த வேலையைச் செய்யவைக்காதீர்கள். தம்பியைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதையெல்லாம் ஒரு பதின்மூன்று வயதுக் குழந்தை வாயால் சொல்ல வேண்டி வருவது சரியில்லை.

இனி முக்கியமான விஷயம். பிளானில் ஏ முதல் கே வரை பகுதிகள் இருக்கின்றன. பி பகுதியில் பிள்ளையின் கல்வித் தேவைகள், எஃப் பகுதியில் அவற்றுக்கான உதவிகள், ஐ பகுதியில் பள்ளியின் பெயர். எஃப்பில் எழுதியிருப்பதைக் கிடைக்கச் செய்வது கவுன்சிலின் சட்டக் கடமை. பணம் இல்லை, ஆள் இல்லை என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அங்கே எழுதப்படாத எதற்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் ஒவ்வொரு சொல்லையும் பார்க்கச் சொல்கிறேன்.

என் மகனின் பழைய பிளானில் ஒரு வரி இருந்தது: 'ரெகுலர் ஆக்சஸ் டு ஸ்பீச் அண்ட் லாங்குவேஜ் தெரபி'. படிக்கும்போது நிறைவாகத்தான் இருக்கும். நடந்தது என்னவென்றால், தெரபிஸ்ட் பள்ளித் தவணைக்கு (டெர்ம்) ஒரு முறை வந்தார், அதுவும் வகுப்பு உதவியாளருக்கு யோசனை சொல்லிவிட்டுப் போனார். தவணைக்கு ஒரு முறை வருவதும் 'ரெகுலர்'தானே? யாரும் பிளானை மீறவில்லை. இப்போது அதே வரி இப்படி இருக்கிறது: பள்ளித் தவணைக் காலத்தில் வாரம் ஒரு முறை, 30 நிமிடம், தகுதி பெற்ற தெரபிஸ்ட் நேரடியாக, தனியாக. யார், எவ்வளவு நேரம், எத்தனை முறை என்ற மூன்றும் இருந்தால்தான் அது கிடைக்கிறதா இல்லையா என்று நாமே சரிபார்க்க முடியும். அரசின் 2015ஆம் ஆண்டு நடைமுறைக் கையேடும் எஃப் பகுதி விவரமாக, குறிப்பாக, வழக்கமாக அளவோடு இருக்க வேண்டும் என்றே சொல்கிறது.

ஒரு ஹைலைட்டர் எடுத்து, 'அப் டு', 'ஆஸ் ரிக்வயர்ட்', 'ஆப்பர்ச்சூனிட்டீஸ் ஃபார்', 'வுட் பெனிஃபிட் ஃப்ரம்' என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் கோடு போடுங்கள். 'வாரம் அப் டு 10 மணி நேரம்' என்றால் ஒரு மணி நேரமும் அதற்குள் அடக்கம். பிறகு நோட்டில் எஃப்பின் ஒவ்வொரு வரியையும் எழுதி, பக்கத்தில் நடக்கிறதா, யார் செய்கிறார்கள், எப்படித் தெரியும் என்று குறியுங்கள். பதில் தெரியாத வரிகள்தான் கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள். அப்புறம் பி பகுதியைத் திறந்து, அங்கே சொல்லப்பட்ட ஒவ்வொரு தேவைக்கும் எஃப்பில் ஒரு உதவி இருக்கிறதா என்று பாருங்கள். பல பிளான்களில் இரைச்சல் தாங்காதது பி பகுதியில் இருக்கும், அதற்கு எஃப்பில் ஒன்றுமே இருக்காது.

'வாரம் 30 நிமிடம்' என்று நாம் கேட்டால் மட்டும் கவுன்சில் எழுதிவிடாது, ஆதாரம் கேட்கும். எனவே கூட்டத்துக்கு முன்பே தெரபிஸ்டிடம், எவ்வளவு நேரம், எத்தனை முறை தேவை என்று எண்ணோடு அறிக்கை எழுதித் தரச் சொல்லுங்கள். எண் இல்லாத அறிக்கை வந்தால், அந்த எண்ணை மட்டும் கேட்டு மறுபடியும் எழுதுங்கள்.

நம் குடும்பங்களுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். "வீட்டில் தமிழ் பேசுவதால்தான் பேச்சு தாமதம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். வீட்டு மொழி வேறு என்ற ஒரே காரணத்தால் வரும் சிரமத்தைச் சட்டம் சிறப்புக் கல்வித் தேவையாகவே கணக்கில் எடுப்பதில்லை. அதாவது, பிளான் இருக்கிறது என்றாலே தேவை மொழியைத் தாண்டியது என்று கவுன்சில் ஏற்றுக்கொண்டாகிவிட்டது. வீட்டு மொழியை விட்டுவிடும்படி பேச்சுச் சிகிச்சையாளர்களின் தொழில்முறை அமைப்பும் சொல்வதில்லை. என் மகன் அம்மம்மாவிடம் தமிழில் கேட்டு வாங்குகிற பொருள்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தேன். பள்ளிக்குத் தெரியாத அவனுடைய திறமை அது, இப்போது பி பகுதியில் இருக்கிறது.

பிள்ளையின் கருத்தும் ஏ பகுதியில் வர வேண்டும். பேச்சு குறைவு என்பதற்காக அதை விட்டுவிடக் கூடாது. பள்ளியின் இடங்களைப் படம் எடுத்து மேசையில் பரப்பினேன். என் மகன் டைனிங் ஹால் படத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தான், திரும்ப நிமிர்த்தியபோதும் கவிழ்த்தான். அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். மதிய உணவு அமைதியான அறையில் என்பது அதிலிருந்து வந்த மாற்றம்.

கூட்டத்தில் துணைக்கு ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள், அவர் குறிப்பெடுக்கட்டும். பாராட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு மரியாதையாக, "நன்றி, இப்போது எஃப் பகுதியை வரிவரியாகப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நேரம் முடிந்துவிட்டால் மீதிக் கேள்விகளை எழுத்தில் கொடுத்து, ரிவியூ அறிக்கையோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

அதன்பின் காலண்டரில் தேதிகளைக் குறியுங்கள். பள்ளியின் அறிக்கை இரண்டு வாரத்துக்குள் கவுன்சிலுக்குப் போக வேண்டும். கூட்டம் நடந்து நான்கு வாரத்துக்குள், பிளான் அப்படியே தொடருமா, திருத்தப்படுமா, நிறுத்தப்படுமா என்று கவுன்சில் உங்களுக்கு எழுத வேண்டும். திருத்தம் என்றால் என்னென்ன மாற்றம் என்பதையும் அதே நான்கு வாரத்துக்குள் அனுப்ப வேண்டும். கூட்டத்திலிருந்து 12 வாரத்துக்குள் இறுதிப் பிளான் வர வேண்டும். டெவன் கவுன்சில் மீதான வழக்கில் 2022இல் உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வரைவு வந்ததும் உங்கள் கருத்தைச் சொல்லக் குறைந்தது 15 நாள் உண்டு.

இயர் 5 பெற்றோர் இன்னொரு தேதியையும் மனதில் வைக்க வேண்டும். செகண்டரி பள்ளியின் பெயர் போட்ட பிளான், பிள்ளை இயர் 6 படிக்கும்போது பிப்ரவரி 15க்குள் வர வேண்டும். பள்ளிகளைப் போய்ப் பார்க்கும் வேலையை இயர் 5இலேயே தொடங்கினால்தான் முடியும்.

கவுன்சிலின் முடிவு சரியில்லை என்றால் செண்ட் டிரிப்யூனலுக்கு (சிறப்புக் கல்வித் தேவை வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயம்) மேல்முறையீடு செய்யலாம். கவுன்சிலின் முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து இரண்டு மாதம், அல்லது மீடியேஷன் (சமரசப் பேச்சு) சான்றிதழ் கிடைத்து ஒரு மாதம், இதில் எது பிந்தியதோ அதுவரை நேரம். பள்ளியின் பெயர் மட்டும்தான் பிரச்சினை என்றால் சான்றிதழ் தேவையில்லை. கடிதத்தின் தேதியை உறையோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் செண்டியாஸ் என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது. சட்ட விவரத்துக்கு இப்சியா என்ற தொண்டு நிறுவனத்தின் தளத்தில் மாதிரிக் கடிதங்கள் கிடைக்கும். கூட்டத் தேதி வந்த அன்றே செண்டியாஸுக்குப் போன் செய்யுங்கள், கடைசி வாரத்தில் கூப்பிட்டால் உங்களோடு கூட்டத்துக்கு வர ஆள் கிடைப்பது கஷ்டம்.