வாய்க்கால் கரையைப் பிடியுங்கள்: நெல்லைச் சீமையில் ஓடுவதற்குப் பாதை பார்ப்பது எப்படி

நெல்லையில் ஓட ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில்தான். தப்பே இல்லை, மூச்சு பழகுகிற வரைக்கும் அதுதான் சரியான இடம். ஆனால் ஏழெட்டு கிலோமீட்டர் ஓட வந்த பிறகும் அதே வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தால் கால் வலிக்கிறதுக்கு முன்னாடி மனசு அலுத்துவிடும். அப்புறம் என்ன செய்கிறார்கள் என்றால், நேராக நாற்கரச் சாலைக்குப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். விடிகாலை ஐந்து மணிக்கு அந்த ரோட்டில் வருகிற லாரிக்காரரும் ஆம்னி பஸ் டிரைவரும் ராத்திரி முழுக்கக் கண் விழித்து ஓட்டி வருகிறவர்கள்.

சரி, வேறு எங்கே ஓட? வாய்க்கால் கரையில். தாமிரபரணியின் குறுக்கே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னது ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. இவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் பம்பும் மோட்டாரும் இல்லாமல் தண்ணீரைத் தானாகவே ஓடவிட வேண்டும், அதனால் வெட்டினவர்கள் மண்ணின் வாட்டம் பார்த்து ரொம்ப மெல்லிய சரிவில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கரையில் ஓடுகிற உங்களுக்கு அதனால் ஏற்றமும் தெரியாது, இறக்கமும் தெரியாது. ஸ்பெயினில் ரயில் ஓடாமல் கைவிட்ட பழைய தடங்களை 1993 முதல் நடக்கவும் ஓடவும் சைக்கிள் விடவும் ஏற்ற பாதைகளாக மாற்றி, ‘வியாஸ் வெர்தெஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ரயிலுக்குப் போட்ட தடம் என்பதால் அதுவும் சமமாகத்தான் இருக்கும். நமக்கு அந்த வேலையை அணைக்கட்டு கட்டினவர்கள் எப்போதோ முடித்துக் கொடுத்துவிட்டார்கள், போர்டு மட்டும்தான் வைக்கவில்லை.

போர்டு இல்லாததால் பாதையை நாமே கண்டுபிடிக்க வேண்டும். போனில் மேப்பைத் திறந்து சாட்டிலைட் படத்துக்கு மாற்றி, வயலுக்கும் மேட்டு நிலத்துக்கும் நடுவே வளைந்து வளைந்து போகிற கோட்டைத் தேடுங்கள். அதை ஒட்டிப் பழுப்பாக ஒரு தடம் தெரிந்தால் டிராக்டர் போகிற கரை என்று அர்த்தம், அங்கே தாராளமாக ஓடலாம். தடம் தெரியவில்லை என்றால் புதர் மண்டிக் கிடக்கும், விட்டுவிடுங்கள். படத்தை மட்டும் நம்பிக் கிளம்பிவிடவும் கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்தப் பக்கம் குளக்கரையும் வாய்க்கால் கரையும் எத்தனையோ இடத்தில் உடைந்து, பிறகு திரும்பப் போட்டிருக்கிறார்கள். அதனால் புதுப் பாதை என்றால் முதல் நாள் பகலில் பைக்கில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள், எங்கே மடை, எங்கே கரை ஊருக்குள் நுழைந்து வீட்டுப் புறவாசலும் குப்பையுமாக ஆகிறது, எந்தத் தோட்டத்தில் நாய் அவிழ்த்து விட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

எந்த மாதம் போவது என்பதும் முக்கியம். இங்கே கார், பிசானம் என்று இரண்டு போகம். பிசானத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் நடவு நடக்கிற சமயம் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும். அப்போது கரை முழுக்கக் களிமண், ஒரு கிலோமீட்டர் போவதற்குள் ஷூ ஒவ்வொன்றும் ஒரு செங்கல் கனம் ஆகிவிடும். அந்த இரண்டு மாதமும் தார் ரோட்டில் ஓடிக்கொள்ளுங்கள். மார்கழி பிறந்துவிட்டால் நல்ல காலம்: கரை காய்ந்திருக்கும், வாய்க்காலில் தண்ணீர் ஓடும், வயல் பச்சையாக நிற்கும், காலை ஐந்து மணிக்கே கோயில் ஸ்பீக்கர் பாடத் தொடங்கிவிடுவதால் இருட்டில் தனியாக ஓடுகிற மாதிரியும் தோன்றாது. மாசி, பங்குனியில் அறுப்பு நடக்கும்போது எலி பின்னாலேயே பாம்பும் வரும், வரப்பில் இறங்காமல் கரையின் நடுவிலேயே ஓடுங்கள். சித்திரை, வைகாசியில் காலை ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும், அதற்கு மேல் ஓடுவது வீம்பு.

ஒரே ஒரு பாதைதான் ஓட முடியும் என்றால் நான் கன்னடியன் கால்வாயைத்தான் சொல்வேன். கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து அணைக்கட்டில் பிரிந்து வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை பக்கமாக வருகிறது. இதற்கு ஒரு கதை உண்டு. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒரு பிரம்மச்சாரி அகத்தியர் சொன்னபடி ஒரு பசுவின் பின்னால் போனானாம். அது நடந்த வழியெல்லாம் கால்வாய், படுத்த இடமெல்லாம் குளம், கோமியம் விட்ட இடமெல்லாம் மடை. கரையில் ஓடிப் பார்த்தால் கதையை நம்பத் தோன்றும், காரணமே இல்லாத மாதிரி சட்டென்று வளையும், கொஞ்ச தூரத்தில் திரும்ப நேராகும். ஆனால் ஓடும்போது கவனித்தால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் நிலம் லேசாக உயர்ந்து மறு பக்கம் வயல் தாழ்ந்து கிடக்கும், வாட்டத்தைப் பிடித்துத்தான் திருப்பியிருக்கிறார்கள். பசுவும் அப்படித்தான் நடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்தப் பாதையின் வசதியே செங்கோட்டை ரயில்தான். சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று வரிசையாக ஸ்டேஷன்கள். ஒரு ஸ்டேஷனில் இறங்கி ஓடி, இன்னொன்றில் ஏறித் திரும்பிவிடலாம், வந்த வழியே திரும்பி ஓட வேண்டியதில்லை. சேரன்மகாதேவியிலிருந்து கல்லிடைக்குறிச்சி சுமார் பதினைந்து கிலோமீட்டர், கரை வளைவுகளோடு போனால் இன்னும் கூடும். முதல் தடவை அவ்வளவும் வேண்டாம், வீரவநல்லூரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்தப் பக்கமிருந்து ஆரம்பிப்பது என்பதைக் காலம் பார்த்து முடிவு செய்யுங்கள். மார்கழி முதல் பங்குனி வரை கிழக்கே சேரன்மகாதேவியில் ஆரம்பித்தால் வெயில் முதுகில் விழும், எதிரே பொதிகை மலை முழுசாகத் தெரியும். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வரும் காற்று ஆளையே தள்ளும், அந்தச் சமயம் கல்லிடைக்குறிச்சியில் இறங்கிக் கிழக்கு நோக்கி ஓடுங்கள், கண்ணில் வெயில் அடித்தாலும் காற்று உங்களைச் சுமந்துகொண்டு போகும்.

வழியில் கொஞ்சம் விலகிப் போக மனசிருந்தால் திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியில் சேருகிற இடம், ஆற்றங்கரை மரங்களில் பறவைகள் கூடு கட்டுவதால் 2005-இல் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். ஓட்டத்தை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் ஐந்து நிலைகளிலும் உள்ளே பழைய சுவரோவியங்கள் இருக்கின்றன, மரச் சிற்பங்களும் உண்டு. மேலே ஏறிப் பார்க்க முடியுமா என்று கோயிலில் கேட்டுப் பாருங்கள். இதற்காகவே பையில் ஒரு வேட்டியோ துண்டோ மடித்து வைத்துக்கொள்வது நல்லது, அரை டிரவுசரோடு சன்னதிக்குள் போய் நின்றால் யாரும் திட்டாவிட்டாலும் நமக்கே கூச்சமாக இருக்கும்.

ஊரை விட்டுப் போக நேரமில்லாத நாளைக்கு: வண்ணார்பேட்டையில் தொடங்கி சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டி, மீனாட்சிபுரம் வழியாகக் குறுக்குத்துறை வரை. சின்ன ஓட்டம்தான். பாலம் 1843-இல் திறந்தது, சுலோசன முதலியார் தன் கைக்காசைப் போட்டுக் கட்டியது. ஐந்தரை மணிக்குள் தாண்டிவிடுங்கள், ஆறரைக்கு மேல் ஹாரன் சத்தத்தில் ஒன்றும் ரசிக்க முடியாது. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது, வெள்ளம் வந்தால் மூழ்கும், வடிந்ததும் பழையபடி பூஜை நடக்கும். தண்ணீர் வரும் பக்கத்துச் சுவரைப் படகின் மூக்கு போலக் கூர்மையாகக் கட்டியிருப்பதைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

கிழக்கே என்றால் ஸ்ரீவைகுண்டம். இப்போது தூத்துக்குடி மாவட்டம், ஆனால் ஆறு அதே ஆறுதான். திருச்செந்தூர் ரயிலில் வந்து இறங்கினால் ஸ்டேஷன் தென்கரையில் புதுக்குடிப் பக்கம் இருக்கிறது, 2023 வெள்ளத்தில் நூற்றுக்கணக்கான ரயில் பயணிகள் மாட்டிக்கொண்டபோது ஊர்க்காரர்கள் சோறு பொங்கிப் போட்டது இங்கேதான். பாலத்தைத் தாண்டி ஸ்ரீவைகுண்டம், அங்கிருந்து கிழக்கே நத்தம், அதற்கடுத்து திருப்புளியங்குடி: நவதிருப்பதி என்கிற ஒன்பது பெருமாள் கோயில்களில் மூன்று, எல்லாம் சில கிலோமீட்டருக்குள். ஆதிச்சநல்லூருக்கும் ஓடலாம், ஆனால் திருச்செந்தூர் மெயின் ரோட்டைத் தவிர்க்க முடிந்த வரை தவிருங்கள். தொல்லியல் துறைக்காரர் அலெக்சாண்டர் ரியா 1899 முதல் 1905 வரை தோண்டிய முதுமக்கள் தாழிக்காடு அங்கேயுள்ள பரம்புதான். சரளை மண் மேடு, பார்த்தால் ஓடுவதற்கென்றே போட்ட மாதிரி இருக்கும். ஓடாதீர்கள். காலடியில் கிடப்பது பாதிக்கு மேல் பானை ஓடு, போதாக்குறைக்கு பாதுகாக்கப்பட்ட இடம்.

பாபநாசத்துக்கு மேலே, மாஞ்சோலைப் பக்கம் எல்லாம் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், செக்போஸ்ட் தாண்டி ஓட்டம் என்ற பேச்சே கிடையாது.

ஷூ விஷயம். மெத்து மெத்தென்ற அடிப்பாகம் உள்ள ஷூ தார் ரோட்டுக்கு அருமை, கரையில் ஆகாது. உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் அந்தப் பஞ்சில் குச்சி இறங்குவது போல இறங்கும், முதலில் ஒன்றும் தெரியாது, நாலு நாள் கழித்து ஒரு மிதியில் குதிகாலில் ஏறும். கெட்டியான அடிப்பாகம் உள்ளதாக வாங்குங்கள், ஓடி முடித்ததும் திருப்பிப் பார்த்து, தலை தெரிகிற முள்ளைக் குறடால் பிடுங்கிவிடுங்கள்.

நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், முதுகைக் காட்டாதீர்கள். மனுசர்கள் துரத்த மாட்டார்கள், ஆனால் “என்ன தம்பி, பஸ்ஸ விட்டுட்டியளோ?” என்று கட்டாயம் கேட்பார்கள். சிரித்துவிட்டு வழி கேட்டுக்கொள்ளுங்கள், எந்த மடையில் தாண்டலாம் என்பதை மேப்பைவிட அவர்கள் சரியாகச் சொல்வார்கள். பெண்கள் புதுப் பாதையில் இரண்டு மூன்று பேராகப் போவதே வசதி, அதுவும் விடிந்த பிறகு.

தண்ணீர் கையோடு கொண்டு போங்கள், வாய்க்கால் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். கோடையில் வழியில் பதநீர் கிடைத்தால் பனையோலைப் பட்டையில் வாங்கி ஒன்று குடிக்கலாம், காலை வெயில் ஏறுவதற்கு முன் இறக்கியதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், நேரமானது புளித்திருக்கும், மிச்ச தூரத்துக்கு வயிறு ஒத்துழைக்காது. ரயில் டிக்கெட்டுக்குச் சில்லறையும் போனும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருக்கட்டும், வியர்வையில் நோட்டு கூழாகிவிடும்.