லைன் அறுந்தாலும் சேர்வரில் வேலை ஓடும்

உவர்மலை வீட்டிலிருந்து பாராமிகோ (பைத்தானிலிருந்து SSH வழியாகத் தூரத்துச் சேர்வருக்குக் கட்டளை அனுப்பும் நூலகம்) மூலம் சிங்கப்பூர் சேர்வரில் பேக்கப் ஓட விட்டேன். இரண்டு தரம் கரண்ட் போனது. இரண்டு தரமும் புதிதாகத் தொடங்கினேன். பிறகு பார்த்தால் மூன்று பேக்கப்பும் அங்கே ஓடிக்கொண்டிருக்கு!

இணைப்பு போனால் சேர்வரில் ஓடும் புரோசஸும் (வேலையும்) நிற்கும் என்று நம்பாதீர்கள். கட்டளை அனுப்பும்போதே முதலில் இரண்டு டொலர் குறியை எக்கோ செய்யுங்கள் (echo $$), அது ஷெல்லின், அதாவது கட்டளையை வாங்கி ஓட்டும் புரோகிராமின், புரோசஸ் இலக்கம். அதன் பின்னால் எக்ஸெக் (exec) போட்டு உங்கள் கட்டளை. எக்ஸெக் ஷெல்லின் இடத்திலேயே புரோகிராமை ஏற்றுவதால் இலக்கம் மாறாது. முதல் வரியில் வரும் அதை ஃபைலில் சேமியுங்கள்.

நிறுத்த அந்த இலக்கத்துக்கு கில் 15 (kill -15, ஒழுங்காக முடித்துக்கொள் என்ற சைகை). பத்து செக்கன் பொறுத்தும் அடங்காவிட்டால்தான் 9 (உடனே கொல்லும் சைகை). எடுத்தவுடன் 9 அடித்தால் பாதி எழுதிய ஃபைல்தான் மிஞ்சலாம். ரூட்டில் (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கில்) இருந்துகொண்டு பெயர் சொல்லிக் கொல்லும் பீகில் (pkill) மட்டும் வேண்டாம், பக்கத்து ஆளின் வேலையும் போய்விடும்.